மஞ்சள் கோடு

அன்புள்ள எர்லிந்தா,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? நம் ஊர் ஒஹாக்காவில் மழை பிடித்துக்கொண்டதா?

இங்கே அமெரிக்காவில், அயோவாவில் எனக்கு இன்னமும் வேலிக்கம்பம் நடும் வேலைதான். போன வாரம் ஒன்று நடந்தது, பயப்படாதே. இங்கே தோண்டுவதற்கு முன்பே குழாய்க் கம்பெனிக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும். அவர்கள் ஆள் வந்து, மண்ணுக்கடியில் குழாய் போகும் இடத்தில் பெயிண்டால் கோடு போடுவான். அவன் வருமுன்பே எங்கள் மேஸ்திரி டாரல் அவசரப்படுத்தினார்.

“ரெண்டடி குழிக்கு என்னடா பயம்? மெஷினைப் போடு!”

“கோடு வரட்டும் மேஸ்திரி. ஊர்ல எனக்குப் பொண்டாட்டி இருக்கா.”

“அப்ப அவகிட்டயே போய்ச் சேரு!”

நான் அசையவில்லை. மறுநாள் போட்ட மஞ்சள் கோடு, நான் தோண்ட இருந்த இடத்தின் குறுக்கே போனது. மஞ்சள் என்றால் கேஸ் குழாய். டாரல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உன் பொண்டாட்டி பேரு என்னப்பா?” என்றார்.

சொன்னேன். உன் பெயரை இங்கே வாய்விட்டுச் சொல்லி எத்தனை மாதமாயிற்று!

குளியலறைக்குக் குழி தோண்டப் போவதாக எழுதியிருந்தாய். கிணற்றுக் குழாயை எங்கே புதைத்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இதிலேயே எழுதிவிடலாம்தான். ஆனாலும் போன் செய்து கேள்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது.

உன்,
எவுசேபியோ