தம்பி பெய்த மழை

மார்ச் 4

என் தம்பி என் பாலைவனத்தைக் கொன்றுவிட்டான். பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஜன்னலடிப் பலகையில் இருக்கும் கண்ணாடி ஜாடிகளை அவனிடம் விட்டுப் போனேன். மழைக்காடு, புல்வெளி, பாலைவனம். துருவத்துக் குளிர்வெளியான தூந்திரா மட்டும் ஃபிரிட்ஜுக்குள், கொஞ்சம் பாசி. கதவை மூடினால் நீண்ட துருவ இரவு, திறந்தால் கோடை. தையல் மெஷினை விற்ற பிறகு, நூலகத்துப் புத்தகங்களைப் படித்து நானே அமைத்த உலகம். "பார்த்துக்கொள், ஆனால் தொடாதே" என்று தெளிவாகச் சொன்னேன்.

அவன் ஆயுசு முழுக்க ஒரு விடுதியில் பரிமாறியவன். தினமும் ஜாடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். வரிசையாக!

"ஒருத்தருக்கு ஊத்திட்டு இன்னொருத்தரைப் பட்டினி போட்டா பாவம் இல்லையாக்கா?"

கள்ளிகள் கூழாகிவிட்டன.

மார்ச் 5

இன்னும் இருக்கிறது. மழைக்காட்டின் மூடியைத் திறந்து வைத்திருக்கிறான், மூச்சு முட்டுமாம். மூடியிருந்தால்தானே இலை விடும் ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மழையாக இறங்கும்? அதுகூடப் போகட்டும். அடியில் கிடந்த சருகையெல்லாம் பொறுக்கி எறிந்திருக்கிறான். அந்த மண்ணில் சத்து குறைவு. விழுந்த சருகைப் பூஞ்சையும் புழுவும் தின்று உடனுக்குடன் வேருக்குக் கொடுப்பதால்தான் அவ்வளவு பச்சை. காட்டின் அடுப்பையே அணைத்துவிட்டு, "பளிச்சுனு இருக்குல்ல?" என்கிறான்.

"தூந்திராவை ஏன்டா வெளியே எடுத்தே?"

"குளுருமேன்னுதான்..."

"நீ உன் மகன் வீட்டுக்கே போயிடு" என்றேன். கெஞ்சுவான் என்று நினைத்தேன். "சரிக்கா" என்றான்.

மார்ச் 6

போய்விட்டான். நிம்மதி.

மார்ச் 9

புல்வெளி மண்டிக்கிடக்கிறது. மேயும் கூட்டமும் அவ்வப்போது தீயும் இல்லாவிட்டால் புல்வெளியில் புதர் ஏறிவிடும். இங்கே மான் கூட்டம் என் தையல் கத்தரிக்கோல்தான். குனிந்தேன். முழங்கால் விடவில்லை. மான்கள் ஓய்வில் இருக்கின்றன.

மார்ச் 12

இருவருக்கு அளந்து பழகிய கை. குழம்பு மிஞ்சுகிறது, முந்தாநாள் பருப்பில் பூஞ்சை பூத்துவிட்டது, தொட்டியில் பாத்திரம் மலை மாதிரி. மிச்சத்தை எப்போதும் அவன்தான் வழித்துத் தின்று, கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஒண்ணும் வீணாகலக்கா" என்பான்.

அப்படியென்றால் இந்த வீட்டில் சருகைத் தின்பவனை எறிந்தது யார்? நானா? — அசட்டுக் கேள்வி. அவன் செய்தது வேறு, இது வேறு.

மார்ச் 14

பாலைவனத்தைக் குப்பையில் கொட்ட எடுத்தேன். மணலில் ஏழெட்டுப் பச்சை முளைகள்! மணலோடு வந்த விதைகளாக இருக்க வேண்டும். ஒரு நல்ல மழைக்காக இத்தனை காலம் கிடந்திருக்கின்றன. பாலைவனங்களில் நடப்பதுதான், புத்தகத்தில் இருக்கிறது. அதற்காக அவன் செய்தது சரியாகிவிடாது.

போன் செய்தேன்.

"மழைக்காட்டு மூடி இறுகிப்போச்சு. திறக்க வரல."

"திறக்கவே கூடாதுன்னு திட்டினியேக்கா?"

"எதிர்த்துப் பேசாதே. அங்கே எப்படி இருக்கே?"

"இங்கயும் எல்லாச் செடிக்கும் தண்ணி ஊத்தினேன். மருமக முகத்தைத் தூக்கி வச்சிருக்கா. அதுல ரெண்டு பிளாஸ்டிக்காம்."

மார்ச் 15

வந்துவிட்டான். முளைகளைக் குனிந்து பார்த்து, "என்னக்கா இது?" என்றான். "களை" என்றேன்.

இனி இந்த வீட்டில் நடக்க வேண்டியவை:

மழைக்காடு — யாரும் வேண்டாம். மூடி மூடியபடி, சருகு விழுந்தபடி.

தூந்திரா — நான். மற்றவர்களுக்குக் குளிர்ந்தால் அவர்களே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளட்டும்.

புல்வெளியில் மேய்வது — தம்பி. கத்தரிக்கோல் ஆணியில் தொங்குகிறது.

சமையல் — நான், இருவருக்கு. மிச்சம் — தம்பி.

பாலைவனம் — நான் மட்டும். நிழல்கூட விழக் கூடாது.

பாலைவனத்துக்கு அடுத்த மழை — தம்பி. எப்போது என்று நான் சொல்வேன்.