வலித்தால் என்ன செய்வாய்?

ராயபுரம்,
8-3-1953

அன்பு மகள் சலோமிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போலத் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. கல்கத்தாவில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். நீ மனோதத்துவப் பேராசிரியை ஆன செய்தி வந்த அன்று நம் கயிற்றுக்கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பூந்தி கொடுத்தேன், தார் வாங்க வந்த ஒருவர் கறுத்த கையாலேயே வாங்கித் தின்றார். அது இருக்கட்டும், இப்போது நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். நீ ஒரு தப்புப் பண்ணியிருக்கிறாய் அம்மா! அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எண்ணூர் நெட்டுக்குப்பம் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் தேசப்பன் கிணற்றுக்குக் கயிறு வாங்கக் கடைக்கு வந்தார். முகம் செத்துப் போயிருந்தது. விசாரித்தால், உன் ஆராய்ச்சிக்காக ஆள் அனுப்பிப் பிள்ளைகளின் புத்தியைச் சோதித்தாயே, அதில் மீனவப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு மேல் மந்தம் என்று வந்துவிட்டதாம். ஜூன் மாதம் முதல் அவர்களைப் படிப்பு வகுப்பிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துப் பாய் முடையப் பழக்கலாம் என்கிறதாம் பள்ளிக் கமிட்டி. பேராசிரியை பெயர் போட்ட தாள், அதற்கு மேல் அப்பீல் உண்டா என்று கேட்டார். மறுநாளே அம்மாவையும் கூட்டிக்கொண்டு எண்ணூர் ரயில் ஏறிவிட்டேன், முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை.

மீன் விற்கும் கெங்கம்மாவின் மகள் பட்டம்மாவுக்குத்தான் எல்லோரையும் விடக் குறைந்த மார்க்கு. உன் கேள்வித்தாளில் உள்ளபடியே நான் கேட்டேன்: ரொம்ப வலித்தால் என்ன செய்வாய்? அந்தப் பெண் யோசிக்கவே இல்லை, "சீக்கிரமா கரைக்கு வந்துடுவேன், வேற இன்னா?" என்றாள். தேசப்பன் தலையில் கை வைத்தார். நான் சிரித்த சிரிப்பில் காக்காய் பறந்தது. கட்டுமரக்காரர் வீட்டில் வலிப்பது என்றால் துடுப்பு வலிப்பதுதானே சலோமி! வேகமாக வலித்தால் கரை வராமல் என்ன வரும்? உடம்பில் வலி வந்தால் அங்கே அதற்குப் பெயர் நோவு. அம்மா குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டு, ரொம்ப நோவுது என்றால் என்ன செய்வாய் என்று கேட்டாள். "அம்மாண்ட சொல்லுவேன், அது தைலம் தேச்சி வுடும்" என்றாள். உன் தாளில் முழு மார்க்குப் பதில் அதுதானே! அம்மாவுக்கு வந்ததே கோபம், "கேக்கத் தெரியாமக் கேட்டுப்புட்டு புள்ளைய மந்தம்னு சொல்லுதாவளே" என்று. யாரைத் திட்டுகிறோம் என்று பாதியில்தான் ஞாபகம் வந்தது, அப்புறமும் நிறுத்தவில்லை. மற்றப் பிள்ளைகளிடமும் வார்த்தையை மாற்றிக் கேட்டோம், அருவி மாதிரி கொட்டுகிறார்கள். இன்னும் எத்தனை கேள்வி இப்படிப் பாழாய்ப் போயிற்றோ.

வருகிற சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது. நாங்கள் சொன்னால் கயிற்றுக்கடைக்காரனுக்கு என்ன தெரியும் என்பார்கள். நீ சொன்னால்தான் எடுபடும். இந்தக் கடிதம் கண்டதும் தேசப்பனுக்குத் தந்தி கொடு, பிள்ளைகள் சரி, கேள்விதான் தப்பு என்று. இந்த மார்க்கை வைத்து எழுதிய உன் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய், அதையும் நிறுத்தத்தான் வேண்டும். உன் காலேஜில் நாலு பேர் சிரிப்பார்கள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் நீ விடுமுறைக்கு வந்து அந்தக் குப்பத்தில் உட்கார்ந்து, அவர்கள் வார்த்தையிலேயே கேள்வி எழுதினால் அதுவல்லவா புத்தகம்! நினைத்தாலே எனக்கு உட்கார முடியவில்லை. கெங்கம்மா உனக்கு வஞ்சிரம் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து நீ தொட்ட வேலையைத் துலங்கச் செய்வாராக. வெந்நீர் குடி. தந்தியை மறக்காதே, சனிக்கிழமைக்குள். தப்பு என்று எழுதும்போது மனசு ரொம்ப நொந்தால் பட்டம்மா சொன்ன பதில்தான் உனக்கும். அம்மா இங்கேதான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
வேதமாணிக்கம்