வழுக்காத பிடி

1911 ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அரிவாளுக்குப் பிடி போடச் சொன்னபோதே சங்கரன், "ஆசாரி, ஈரத்துல வழுக்கக் கூடாது வே" என்றான். வயலில் நிற்கிறவன்தானே என்று நினைத்தேன். களிமண்ணை உருட்டிக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். அதில் பதிந்த விரல்களைப் பார்த்துக் கருவேலங்கட்டையில் பள்ளம் பள்ளமாகச் செதுக்கினேன்.

இன்று மடையில் தண்ணீர்த் தகராறு. அந்த அரிவாளால் சொந்தத் தம்பியைக் கழுத்திலும் தோளிலும் வெட்டிவிட்டான். ஓடிப்போய்ப் பார்த்தேன். தம்பி சேற்றில் குப்புறக் கிடந்தான். வாய்க்கால் சிவப்பாக ஓடியது. முழங்கை வரை ரத்தத்தோடு அரிவாளும் கையுமாக நின்ற சங்கரன், என்னைக் கண்டதும், "ஒரு வெட்டுக்குக்கூட வழுக்கல வே" என்றான்.

செத்தவனைப் பார்க்க வேண்டிய கண், பிடியைத்தான் பார்த்தது. சுண்டுவிரல் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செதுக்கியிருக்கலாம்.