இடது கைப்பிடி

8-11-1954, மாலை

மார்கரெட் அக்கா,

நைனாவின் நாற்காலியில் நான் இரும்பாணி அடித்தது தவறுதான். மூங்கில் ஆணியாலேயே பூட்டிய நாற்காலி அது. இரும்பு இறங்கியதும் இடது கைப்பிடி பிளந்துவிட்டது. “படிச்சிகினு கீறியே, இது தெரியலயா?” என்று காலையில் நீ கேட்டாய்.

இன்றும் அவரைப் படுக்கவைக்காதே, மூச்சு முட்டும். நாற்காலியிலேயே தூங்கட்டும். இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். கஞ்சி அடுப்பு மேல் இருக்கிறது. இரவு வகுப்பு முடிந்து வருவேன், தாழ் போடாதே.

யாக்கோபு

பி.கு.: கிளம்பும்போது நைனா விரிசலைத் தடவிப் பார்த்து, “நான்தான் கனத்துப் பூட்டேனா?” என்றார். எலும்பும் தோலுமாக இருக்கிறவர். ஆணி அடித்ததைச் சொல்லாமலே கிளம்புகிறேன். நீயும் சொல்லாதே.

நாளைக் காலை அவரிடம் நானே சொல்லிவிட்டு, ஆசாரியைக் கூட்டிவர வேண்டும்.