முள் இறங்க மாட்டேன் என்கிறது

1983 பிப்ரவரி 2, நாமக்கல்
அகச்சிவப்புக் கதிரைப் பார்க்க வானத்துக்குத் தொலைநோக்கி அனுப்பிவிட்டார்களாம், திரவ ஹீலியத்தில் ஊறப்போட்டு! எங்கள் இயற்பியல் துறைத்தலைவர் காளியண்ணன் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்கிறார்: "ஏனுங்க வசந்தாமணி, அவுங்கதான் அனுப்பிட்டாங்களே, நீங்க இன்னும் எதுக்கு அதே ஆராய்ச்சியப் புடிச்சுத் தொங்கறீங்க?" அடடா, என்ன அறிவு!

பிப்ரவரி 9
சூடுள்ள எதுவும் அகச்சிவப்பை உமிழும். உணர்கருவியே சூடாயிருந்தால் தன் இரைச்சலில் தானே மூழ்கிவிடும், அப்புறம் நட்சத்திரம் எங்கே தெரியும்? என் கருவியைக் குளிர்விக்கக் காளியண்ணனிடம் திரவ நைட்ரஜன் கேட்டேன். "சோடாக் கடையில ஐஸ் வாங்கிக்கலாமுங்களே." இந்த மனுஷன்தான் வெப்ப இயக்கவியல் நடத்துகிறார்!

மார்ச் 4
கல்லூரியில் இல்லாத திரவ நைட்ரஜன் மாட்டாஸ்பத்திரியில் இருக்கிறது. சினை ஊசிக்கான விந்தை உறையவைக்கும் கேனில்! கம்பவுண்டர் சடையன், "லாரி வந்ததும் மிச்சத்த ஊத்தித் தாரேனுங்க" என்றார்.

ஏப்ரல் 11
நைட்ரஜன் ஊற்றியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அதோடு நின்றுவிட்டது. எவ்வளவு ஊற்றினாலும் மீட்டர் முள் அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. காளியண்ணனுக்கு ஒரே குஷி. "கருவி சொத்தைங்க." டிசம்பருக்குள் சரியான அளவீடு வராவிட்டால் என் ஆராய்ச்சிப் பதிவு ரத்து. ஆறு வருஷப் பாடு — போச்சா?

ஜூலை 18
காளியண்ணன் வேடிக்கை பார்க்கக் கருவியின் ஜன்னலில் குனியும்போதெல்லாம் முள் துள்ளுகிறது. முகச்சூடு! வெளியே அனுப்பினேன். கொஞ்சம் இறங்கியது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூலை 19
சிரித்தது போதும். அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி நானும் அதன் முன்னாலேயே குந்தியிருக்கிறேன். என் மூஞ்சி, சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, எல்லாம் அதற்குத் தெரிகிறது. கருவி சொத்தை இல்லை. எதிரே இருக்கிற சூடுதான் அதன் எல்லை. இந்தச் சூட்டை மறைக்க, கருவி இருக்கும் குடுவைக்குள்ளேயே ஒரு குளிர்ந்த மூடி வேண்டும், ஊசித்துளையோடு.

அக்டோபர் 31
மூடி தயார். நைட்ரஜன் லாரிதான் வரவில்லை. "இருக்கறது மாட்டுக்கே பத்தாதுங்க" என்கிறார் சடையன். கெஞ்சினேன். நான்!

நவம்பர் 24
சடையன் கல்லூரிக்கே வந்தார், சைக்கிள் கேரியரில் நைட்ரஜன் கேனோடு.

"பேப்பர் பாத்தீங்களா? அந்த வானத்துப் பொட்டிக்கு ஹீலியம் தீந்துபோச்சாமுங்க. இனிமே கண்ணு தெரியாதாமா."

"அத்தன செலவு பண்ணி வருசங்கூட ஓடலீங்களா?" இது காளியண்ணன். வழக்கம்போலத் திட்டாமல், மூடியை எடுக்கப் போனேன்.

"அங்க போயி ஊத்த ஆளு ஏதுங்க? நமக்கு லாரி வந்திருச்சு" என்றார் சடையன்.

மூடியைப் பொருத்தி ஊற்றினோம். காளியண்ணன் யாரும் சொல்லாமலே வாசலுக்கு வெளியே போய் நின்றார். நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். உள்ளே, ஏப்ரலில் நின்ற இடத்தையும் தாண்டி முள் இறங்கிக்கொண்டிருந்தது.