ஐந்தாம் அமர்வு

அத்தானுக்கு,

நோயாளியின் மனசையும் கேட்கும்படி பிசியோதெரபி பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள் என்றீர்கள். அதன்பின் நான்கு ஞாயிறும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "முதுகு எப்பயிருந்து வலிக்குது? அப்ப ஒனக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டீர்கள். பதினோரு வருஷத்தில் இப்படிக் கேட்டதே இல்லை. நம் பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோன நாளிலிருந்து என்று சொல்லி அழுதேன்.

நேற்று டிபன் பாக்ஸ் வைக்க உங்கள் பையைத் திறந்தபோது பயிற்சி நோட்டைப் பார்த்தேன். 'நோயாளி: பெண், 36. நான்காம் அமர்வில் அழுதார்.' பக்கத்தில் உங்கள் பயிற்சியாளர் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதியிருக்கிறார். ஐந்தாம் அமர்வு வரும் ஞாயிறாம்.

நான் ஆவுடையார்கோவிலுக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். நோயாளி வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெண், 36.