மூன்று பெட்டி விழித்திருந்தால் போதும்

உன்னை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆவதற்குள் உன் வேலையைப் பங்கு பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சல்லிக் கிராமத்தில், கருவாட்டுக் கடை அண்ணரின் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். மடியில் நீ செய்த கணினிப் பெட்டி. நேற்று அவர் அதைக் கழற்றி, பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் எனக்கு அனுப்பிவிட்டார். இன்று காலை திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் கருவாட்டு மணம். போன முறை இதைத் துடைக்க வந்தபோது நீ சொன்னாய்: "இந்தப் பெட்டிக் காத்தாடி எத்தன நெத்தலி தின்டிருக்கும் புள்ள!"

அரசாங்கக் கந்தோர்கள் கழித்துவிட்ட சின்னக் கணினிகள்தான் நம் மூலதனம். கடைக்காரரின் பதிவுகளைத் துண்டு துண்டாக்கி, பூட்டி, எல்லாக் கடைப் பெட்டிகளிலும் பிரித்து வைப்பது உன் திட்டம். ஒரு கடை எரிந்தாலும் மற்றக் கடைகளிலிருந்து எல்லாவற்றையும் மீட்கலாம். கடை எரிந்தால் கணக்குக் கொப்பியும் எரியும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் மூன்று பெட்டிதான். உன் கிண்ணியாவில் ஒரு புடவைக் கடை, பட்டினத்தில் இரும்புக் கடை, ஓர்ஸ் ஹில்லில் மருந்துக் கடை. மூன்றில் இரண்டு விழித்திருந்தால் போதும் என்று கணக்குப் போட்டோம். மின்வெட்டை நினைத்தோம், உப்புக் காற்றை நினைத்தோம். தொழுகையை நினைக்கவில்லை. முதல் வெள்ளி மதியமே மருந்துக் கடை ஐயா போன் எடுத்தார்.

"தங்கச்சி, உங்கட பெட்டி நித்திரையாப் போச்சு. ஒரு வயசுபோன மனிசிக்குப் போன மாசம் என்ன மருந்து குடுத்தனான் எண்டு பார்க்க ஏலாமக் கிடக்கு."

கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைக்காமல் போகிற முதலாளி இந்த ஊரில் இல்லை. புடவைக் கடையும் இரும்புக் கடையும் ஜும்மாவுக்குப் பூட்டியிருந்தன. நீ போனை என்னிடமிருந்து பறித்தாய். "பெட்டி பள்ளிக்குப் போயிருக்கு ஐயா. ரெண்டு மணிக்கு வந்துரும்." அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அந்த மனிசி வெயிலில் காத்திருந்தது உனக்கு உறுத்தியது.

அடுத்த நாள் ஒரு கலண்டரை விரித்து ஜும்மா, பெருநாள், முத்துமாரியம்மன் திருவிழா, தீபாவளி, வெசாக் எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டாய். பிறகு சல்லியில் இந்தக் கருவாட்டுக் கடையையும், துறைமுகத்தடியில் ஒரு சிங்களவரின் பேக்கரியையும் சேர்த்தாய். ஐந்து பெட்டி. எந்த மூன்றும் விழித்திருந்தால் போதும். "ஊர் முழுக்க ஒரே நேரத்துல கும்பிட மாட்டாங்க புள்ள. அதுதான் நம்மளக் காப்பாத்தப் போகுது."

இரண்டு வருடம் காப்பாற்றியது. பிறகு ஐந்து நாள் காய்ச்சலில் நீ போனாய்.

போன கிழமை கடைக்காரர்கள் கூட்டம் வைத்தார்கள். "எங்கட பெட்டிய எங்கட ஆக்களோட வச்சிக்கொள்றம்" என்றார் இரும்புக் கடை முதலாளி. "எங்களுக்கும் அதுதான் நல்லம்" என்றார் மருந்துக் கடை ஐயா. அதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. இப்படிப் பிரித்தால் முஸ்லிம் கடை இரண்டு, தமிழ்க் கடை இரண்டு, சிங்களக் கடை ஒன்று. யாரிடமும் மூன்று இல்லை, எல்லோரும் குருடர் என்று கத்தினேன். "மகள், கோவப்படாதீங்க" என்று தேத்தண்ணி தந்தார்கள். குடிக்காமல் எழும்பி வந்தேன். மறுநாளே யாரோ இந்த அண்ணரிடம், "உன்ர விசயமெல்லாம் அவங்கட கடையில கிடக்கு" என்று ஓதியிருக்கிறார்கள்.

இன்று வெள்ளி. பன்னிரண்டு மணிக்கு அந்த இரண்டு கடைகளும் அணையும். மருந்துக் கடையும் பேக்கரியும்தான் மிஞ்சும். இந்தப் பெட்டி விழிக்காவிட்டால் எல்லாமே நின்றுவிடும். மருந்துக் கடை வாசலில் இன்றும் யாராவது நிற்பார்கள். நின்றால், "பார்த்தீங்களா, அந்தப் பெட்டையளின்ர வேலை" என்று மொத்தமாகத் தூக்கி எறிவார்கள். அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.

நானே வயரைச் சொருகிவிட்டுப் போகலாம். உன் சட்டம் விடுகிறதில்லை. "கடக்காரன்ட கையாலதான் சொருகணும். நாம சொருகினா அது நம்மட பெட்டி. அவன் சொருகினாத்தான் அவன்ட." உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதம்தான். அதை யாருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க மாட்டேன்.

சற்று முன் அவரிடம் கேட்டேன்: "அண்ணை, இதுக்குள்ள உங்கட துண்டு எது, அவங்கட துண்டு எது? கை வைச்சுக் காட்டுங்கோ. காட்டினா நானே கொண்டு போறன்."

அவர் நெத்தலியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் கால் மணித்தியாலம் இருக்கிறது. வலக்கையில் பேனை, இடக்கையில் அவரை நோக்கி நீட்டிய வயர்.

"சொருகுங்கோ அண்ணை."